அரை மில்லி டிகிரிக்கு ஒரு காவல்

நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறுபவருக்கு ஒரு நாளில் வழக்கமாகத் தரப்படும் அளவு 2 கிரே. ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. இந்த 2 கிரேயைத் தண்ணீருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு டிகிரியை ஆயிரம் பங்காக்கினால் அதில் அரைப் பங்குகூட வெப்பநிலை ஏறாது. ஆனாலும் தரநிலை ஆய்வகங்கள் இந்தச் சிறு சூட்டைத்தான், ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு, கலோரிமீட்டரில், அதாவது பொருளில் தங்கிய ஆற்றலை அதன் சூட்டை வைத்துக் கணக்கிடும் கருவியில், அளக்கின்றன. அறைக்குள் ஒருவர் நடந்து வந்தாலே இதைவிடப் பெரிய வெப்பநிலை மாற்றம் காற்றில் உண்டாகிவிடும். ஆகவே இந்தக் கருவியில் பாதி வேலை வெப்பக் காப்புக்கே போகிறது.

இங்கே காப்புப் பொருளின் பாடு சிரமமானது. பிளாஸ்க் சூட்டை மட்டும் தடுத்தால் போதும். கலோரிமீட்டரின் காப்போ சூட்டைத் தடுக்க வேண்டும், கதிரை வழிமறிக்கவும் கூடாது. போதாததற்கு அதன் மேலும் கதிர் விழுகிறது, அதுவும் சூடாகிறது.

கிராஃபைட் கலோரிமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரேக்கு அது தண்ணீரைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு சூடேறும். அது வசதிதான். ஆனால் கிராஃபைட்டில் வெப்பம் வேகமாக ஓடிவிடும். அதனால் நடுவில், சூடு அளக்கப்படும் சிறு கிராஃபைட் வில்லையைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டு, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிறார்கள். வெற்றிடத்திலும் வெப்பக் கதிர்வீச்சு தாண்டிப் போகும் என்பதால் பரப்புகளுக்கு அலுமினியப் பூச்சு கொடுப்பதுண்டு. எனக்கு மிகவும் பிடித்த உத்தி அடுத்தது: வில்லையைச் சூழ்ந்திருக்கும் உறையையும் கிராஃபைட்டிலேயே செய்துவிடுவது. கதிர் பட்டதும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சூடாகின்றன. பக்கத்து வீடும் அதே சூட்டில் இருந்தால் வெப்பம் எங்கே போகும்? ஆனால் வெற்றிட இடைவெளியில் கதிரைச் சிதறடிக்கப் பொருள் இல்லை. அந்தக் குறைக்கு ஒரு திருத்தக் கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

தண்ணீர்க் கலோரிமீட்டரில் காப்புப் பொருள் தண்ணீரேதான். அசையாமல் நின்றால் அதில் வெப்பம் ஒரு சென்டிமீட்டர் பரவப் பத்து நிமிடம் போல ஆகும். அது அசையாமல் நிற்க வேண்டுமே! அதற்காகத்தான் 4 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அங்கே தண்ணீரின் அடர்த்தி உச்சத்தில் இருக்கிறது. சிறு வெப்பநிலை வேறுபாட்டால் நீரோட்டம் கிளம்புவதில்லை.

காப்பைப் பற்றிப் பேசும் பலரும் கம்பியை மறந்துவிடுகிறார்கள். வெப்பநிலையை உணரும் சிறு மின்கருவியான தெர்மிஸ்டரிலிருந்து வெளியே வரும் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி, அதே நீளத்தில் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் தெர்மோகோல் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துமோ அவ்வளவையும் தனியாகவே கடத்திவிடும். விலையுயர்ந்த காப்புக்குள் தடித்த கம்பியை நுழைப்பது, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

தெர்மோகோலை, அதாவது பாலிஸ்டைரீன் நுரையை, நான் குறைத்துச் சொல்லவில்லை. மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கும் எலக்ட்ரான் கற்றை ஆலைகளில் அதற்கு நல்ல இடம் உண்டு. அங்கே வழக்கமான அளவு 25 கிலோகிரே. கிராஃபைட் ஏறத்தாழ 35 டிகிரி சூடேறிவிடும். டெஃப்லான் அந்தச் சூழலில் சீக்கிரமே நொறுங்கத் தொடங்கும், பாலிஸ்டைரீன் தாக்குப்பிடிக்கும். எடை குறைவு என்பதால் எலக்ட்ரானையும் அது அதிகம் தடுப்பதில்லை. இதைவிடக் குறைவாக வெப்பம் கடத்துவது ஏரோஜெல் என்னும், நுண்துளைகள் நிறைந்த மிக லேசான திடப்பொருள். அதன் துளைகள் காற்று மூலக்கூறுகள் தாராளமாக ஓட முடியாத அளவுக்குச் சிறியவை; அசையாத காற்றைவிடக்கூட அது குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது.

இந்த ஆலைகளில், நுரைப் பெட்டிக்குள் இருக்கும் கிராஃபைட் வட்டு கன்வேயரில் போய்க் கதிர் வாங்கித் திரும்பி வருகிறது. மீட்டரை இணைப்பதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடும், அதற்குள் கொஞ்சம் சூடும் கசிந்திருக்கும். பதற வேண்டாம். சீரான இடைவெளியில் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தால் இறங்குமுகமான கோடு ஒன்று கிடைக்கும். அதைப் பின்னோக்கி நீட்டி, வட்டு கற்றையின் கீழே இருந்த கணத்தில் நிறுத்தினால், அங்கே இருப்பதுதான் நாம் தேடிய வெப்பநிலை.

நன்றி, வணக்கம்.