லேண்ட்ஸ் எண்ட் முதல் ஜான் ஓ க்ரோட்ஸ் வரை: ராணுவ வீரர்கள் ஏன் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறார்கள்?

[திரையில்: பிரிட்டன் வரைபடம். தென்மேற்கு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி.]

வணக்கம். இந்தப் புள்ளிதான் லேண்ட்ஸ் எண்ட், கார்ன்வால் மாவட்டத்தின் கடைசி முனை. இங்கே கிளம்பும் கோடு இங்கிலாந்தை நீளவாக்கில் கடந்து, ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஜான் ஓ க்ரோட்ஸில் போய் நிற்கிறது. சாலை வழியே 1,407 கிலோமீட்டர். வண்டிகள் பறக்கும் பெரிய சாலைகளைத் தவிர்த்து வளைந்து போகிறவர்களுக்கு 1,600 கிலோமீட்டர் வரைகூட ஆகும். பிரிட்டனின் தரைப்படை, கடற்படை, விமானப்படையிலிருந்து சின்னச் சின்ன அணிகள், காயம்பட்ட வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட இந்தப் பாதையில் சைக்கிளில் போவது உண்டு. எப்படிப் போகிறார்கள், இவ்வளவு தூரம் எதற்கு, பணம் எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் காரணம்.

2007-ல் பிரின் பாரி என்ற முன்னாள் ராணுவ அதிகாரியும் அவர் மனைவி எம்மாவும் பர்மிங்ஹாமில் அப்போது இருந்த செல்லி ஓக் மருத்துவமனைக்குப் போனார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்து வந்த இளைஞர்கள் அங்கே படுத்திருந்தார்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியபோது முதலில் வந்த யோசனை ஒரு சைக்கிள் பயணம்தான். சரி, பணம் சேர்த்து என்ன செய்வது? சர்ரேயில் ஹெட்லி கோர்ட் என்ற ராணுவ மறுவாழ்வு மையம் இருந்தது, அங்கே முறையான நீச்சல் குளம் இல்லை. கால் இழந்தவர் உடலைத் திரும்பப் பழக்கத் தண்ணீர் எவ்வளவு உதவும் என்று எந்த பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டாலும் சொல்வார். அந்த ஆண்டு அக்டோபரில் அவர்களுடைய ஹெல்ப் ஃபார் ஹீரோஸ் அமைப்பு தொடங்கியது, 2008-ல் பிரான்சின் பழைய போர்க்களங்கள் வழியாக முதல் பெரிய பயணம் நடந்தது, 2010-ல் குளம் திறக்கப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். "வீரர்களுக்கு உதவி" என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு குளம் வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தவர்களுக்கும் தங்கள் பணம் எங்கே போனது என்று தெரிந்தது.

அப்படியென்றால் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பணம் கேட்கலாமே? கேட்கலாம். ஆனால் செய்தி நாலு பேருக்குப் போய்ச் சேர்வதற்குள் பயணமே முடிந்திருக்கும். பத்து நாள் நீளும் பயணத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு படம், ஒரு சின்ன வீடியோ, "இன்று எங்கே இருக்கிறோம்" என்ற ஒரு வரி வெளியே போகிறது. மூன்றாம் நாள் பக்கத்து முகாமில் இருப்பவர் பார்க்கிறார், ஐந்தாம் நாள் அவருடைய அக்கா வேலை செய்யும் பள்ளிக்கூடம் பார்க்கிறது, ஏழாம் நாள் வழியில் உள்ள ஊர்க்காரர்கள் உண்டியல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

[திரையில்: கோட்டின் மேல் தென்மேற்கிலிருந்து வீசும் அம்புக்குறிகள்.]

இப்போது சாலைக்கு வருவோம். பெரும்பாலானோர் தெற்கிலிருந்து வடக்கே போகக் காரணம் காற்று. பிரிட்டனில் காற்று அதிகமும் தென்மேற்கிலிருந்து வீசும், அதனால் முதுகில் தள்ளும் வாய்ப்பு அதிகம். ஸ்காட்லாந்து மலைகள்தான் கடினம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை முதல் இரண்டு நாளிலேயே கார்ன்வாலும் டெவனும் ஒரு வழி பண்ணிவிடும். அங்கே ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை, ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கம்பிரியாவில் ஷாப் என்ற இடத்தில் நீண்ட ஏற்றம். கடைசி நாள், முடிந்தது என்று நினைக்கும்போது, கடலோரத்தில் பெரிடேல் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

2018-ல் மைக்கேல் பிராட்வித் என்பவர் இந்த முழுத் தூரத்தையும் 43 மணி 25 நிமிடத்தில் தனியாக முடித்துச் சாதனை படைத்தார். நன்கொடைக்காகப் போகும் அணி அப்படிப் போவதில்லை. ஒன்பது, பத்து நாளில் முடித்தால் நாளுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். அதுவும் எல்லாரும் சேர்ந்து. இந்த "சேர்ந்து" என்பதில்தான் ராணுவ அணியின் உண்மையான திறமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், தொடை பலத்தில் இல்லை.

முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். அதனால் வரிசையாகப் போவார்கள், முன்னால் இருப்பவர் சில நிமிடங்களில் விலகிப் பின்னால் வந்துவிடுவார், பலசாலிகள் கூடுதல் நேரம் முன்னால் இருப்பார்கள். அணியில் காலை இழந்த ஒருவர் கையால் சுற்றும் சைக்கிளில் வந்தால் முழு நாளின் கணக்கும் மாறும். சமவெளியில் அவர் மற்றவர்களுக்கு ஈடுகொடுப்பார், இறக்கத்தில் தாழ்வான அந்த வண்டி பறக்கும், ஏற்றத்தில் மட்டும் தோள் கதறும். அப்போது இன்னொருவர் பக்கத்தில் வந்து, தன் சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரைத் தள்ளிக்கொண்டே ஏறுவார். கையால் சுற்றுகிறவரால் எவ்வளவு வேகமாக ஏற முடியுமோ அதை வைத்துத்தான் அன்றைய சாப்பாட்டு நேரம், நிறுத்தம், தங்குமிடம் எல்லாம் முடிவாகும்.

அப்புறம் உதவி வேன். தண்ணீர், உதிரி டயர், மழை உடை, முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாடு. ஒரு நாளில் 5,000 கலோரிக்கு மேல் எரியும்போது பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், மிதித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். உள்ளங்கை மரத்துப்போவதும் சீட்டில் உரசித் தொடை புண்ணாவதும் சகஜம். ராணுவத்தில் வலியை வெளியே சொல்லாமலே பழகியவர்கள் இதையும் மறைப்பார்கள், நான்காம் நாள் உட்காரவே முடியாமல் போகும். மாலையில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பார்க்கும் ஒரு மருத்துவ உதவியாளர் அணியில் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு. வேன் வாடகையும் தங்கும் செலவும் நன்கொடையிலிருந்து போகிறதா, வீரர்கள் கையிலிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் வருகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல அணிகள் இதை முதலிலேயே எழுதியிருப்பார்கள். நீங்கள் பிரிட்டனில் வரி கட்டுகிறவர் என்றால் நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்டு என்ற கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பவுண்டு கூடுதலாக அந்த அமைப்புக்குப் போகும். அமைப்பின் பதிவு எண்ணை அரசின் தொண்டு நிறுவனப் பட்டியலில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.