ஸ்பிங்க்ஸ் தோளை உடைத்தது யார்? குமரிப் புத்தளத்து உப்பளத்தில் கிடைத்த துப்பு!

(திரையில்: அடிப்பாகம் உப்புப் பொரிந்து காரை உதிர்ந்த ஒரு வீட்டுச் சுவர்)

வணக்கம் மக்களே! குமரி மாவட்டம் மணக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு இது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடிச்சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இதே வியாதிதான் எகிப்தில் சுமார் 4,500 வருடமாக உட்கார்ந்திருக்கும், மனிதத் தலையும் சிங்க உடம்புமான கற்சிலை ஸ்பிங்க்ஸுக்கும். 1988-இல் அதன் வலது தோளிலிருந்து ஒரு பெரிய துண்டே பெயர்ந்து விழுந்தது.

"பாலைவனம் அல்லவா? காற்று மணலை வாரி அடித்திருக்கும்." காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் ஒரு முறை வண்டியை நிறுத்தி இறங்கியவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன். ஆனால் காற்று கிளப்பும் மணல் பெரும்பாலும் நம் இடுப்பு உயரத்தைத் தாண்டாது. ஸ்பிங்க்ஸ் உயரமோ 20 மீட்டர். பல நூற்றாண்டுகள் கழுத்து வரை மணலில் புதைந்து கிடந்தபோது அந்த மணலே போர்வையாக இருந்து உடம்பைக் காப்பாற்றியது. பாவம், அதைப் போய்க் கொலைகாரன் என்கிறோம்!

சரி, பாறைப் பாடம் அரை நிமிடம். மணற்கல், ஸ்பிங்க்ஸைச் செதுக்கிய சுண்ணாம்புக்கல் எல்லாம் படிவுப் பாறைகள். மணற்கல்லைக் கடலை மிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மணல்தான் கடலை, சுண்ணாம்போ களிமண்ணோ பாகு. உள்ளே எங்கும் நுண்துளை. பாடம் முடிந்தது.

(திரையில்: புத்தளம் உப்பளம், காய்ந்த பாத்தி)

இப்போது குற்றவாளியைப் பாருங்கள். பாத்தியில் தண்ணீர் காய்கிறது, உப்பு உட்காருகிறது. இந்தப் பாத்தியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிக் கல்லின் துளைக்குள் வையுங்கள். படிகம் வளர இடம் வேண்டும், துளைச் சுவரோ விட்டுக்கொடுக்காது. தள்ளு, தள்ளு என்று தள்ளி, பாகு விட்டுப் போகிறது.

தண்ணீர் எங்கே என்கிறீர்களா? பனி போதும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே கசிந்து கரையும். நம் வீட்டு உப்பு ஜாடியில் தினமும் நடப்பதுதான். பாலைவனத்தில் ராத்திரிப் பனியில் கரையும், பகல் வெயிலில் மறுபடி படிகமாகும். மறுநாளும் அதே கூத்து. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, ஆனால் வருடத்துக்கு 365 நாள்!

எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இனிமேல்தான். கல் மெதுவாகக் காய்ந்தால் உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். துடைத்தால் போச்சு. காற்றும் வெயிலும் சேர்ந்து வேகமாகக் காயவைத்தால் ஈரம் மேற்பரப்புக்கு வந்து சேர்வதற்குள் உள்ளேயே காய்ந்துவிடும். உப்பு தோலுக்கு அடியில் பூக்கும். அப்புறம் தோலோடு பெயரும். அதாவது, கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் பூ அப்பாவி, தெரியாததுதான் ஆள்!

நம்பாதவர்கள் ஒரு மண்சட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியில் வையுங்கள். என் சட்டியை விரலால் தேய்த்தபோது மேல்தோல் செம்பொடியாகக் கையில் வந்தது. வீட்டில் திட்டு வாங்கினால் பொறுப்பு என்னுடையதல்ல.

பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் கெட்டியாகச் சிமெண்ட் பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் உப்பு செங்கல்லுக்குள் தங்கிச் செங்கல்லையே தின்னும். மணக்குடி வீட்டிலும் இதுதான் கதை.

"நம் வள்ளுவர் கடலுக்குள்ளேயே நிற்கிறாரே?" என்று கமெண்ட் வரும், தெரியும். 133 அடிச் சிலை கருங்கல். அதில் துளை மிகக் குறைவு. ஆனாலும் உப்பு ஏறாமல் இல்லை. அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டி, காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரசாயனம் பூசுகிறார்கள். வள்ளுவருக்கே பேஸ் பேக்!

உங்கள் வீட்டில் பொரிவது எந்தப் பக்கச் சுவர், கடல் பக்கமா, வெயில் பக்கமா? படத்தோடு கமெண்டில் போடுங்கள். சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.