டிபிக்கு வீட்டுல இருந்தே வைத்தியம் பார்க்கலாம்னு சென்னை நிரூபிச்ச கதை

[காட்சி: தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையப் பெயர்ப்பலகை]

குரல்: எலக்ட்ரிக் ட்ரெயின்ல போறப்போ இந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. சானடோரியம்னா காசநோய்க்காரங்க மாசக்கணக்கா தங்கி வைத்தியம் பார்த்துக்கிற இடம். ஓய்வு, நல்ல காத்து, நல்ல சாப்பாடு. 1950-கள் வரைக்கும் டிபிக்கு இதுதான் வழின்னு உலகம் நம்புச்சு. ஆனா நம்ம நாட்டுல இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்க போறது?

[காட்சி: சேத்துப்பட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

1956-ல சேத்துப்பட்டுல ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்குச்சு. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாலு பேரும் கைகோத்தாங்க. வழிநடத்தினவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

193 நோயாளிகள். எல்லாருமே ஏழைங்க. குலுக்கல் முறையில பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் அவங்கவங்க வீட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து: ஐசோனியசிட், பிஏஎஸ். ஒரு வருஷம்.

[காட்சி: சோதனைக் குழாய், நெருக்கத்தில்]

வீட்டுல இருக்கிறவங்க மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களான்னு எப்படித் தெரியும்? சொல்லாம கொள்ளாம வீட்டுக்கே போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க. சிறுநீரை வாங்கி ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தாங்க. உள்ளே பிஏஎஸ் போயிருந்தா நிறம் மாறிடும்!

1959-ல முடிவு வந்துச்சு. ஒரு வருஷத்துல நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம். இடுக்கமான வீடு, அரைகுறைச் சாப்பாடு, ஓய்வும் கிடையாது. அப்படியிருந்தும் 86. காப்பாத்தினது மருந்துதான்.

இதைவிட எனக்குப் பெரிசாத் தெரியறது அடுத்த முடிவு. கூட இருந்த பொண்டாட்டி, புள்ளைங்க, வயசானவங்களை 5 வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. நோயாளி வீட்டுலயே இருந்ததால அவங்களுக்கு நோய் கூடல. ஏன்னா பரவல்ல பெரும்பகுதி வைத்தியம் தொடங்குறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருது. சரியான மருந்து உள்ளே போக ஆரம்பிச்சா, பரப்புற வேகம் மளமளன்னு குறையும்.

அதனால தட்டு, டம்ளரைத் தனியா வைக்காதீங்க. டிபி காத்து வழியாத்தான் பரவும், பாத்திரத்துல இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனைக்குப் போங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். இதை விட்டுட்டு, மருந்து சாப்பிடுறவரைப் போய் ஒதுக்கி வைக்கிறது பெரிய கொடுமை.

[காட்சி: ஜார்க்கண்ட் கிராமம், அரிசி மூட்டை]

அப்போ சாப்பாடு முக்கியமில்லையான்னு கேப்பீங்க. ரொம்ப முக்கியம். ஜார்க்கண்டுல நடந்து 2023-ல வெளியான ஆய்வுல, நோயாளிக்கு மட்டுமில்லாம கூட இருக்கிற குடும்பத்துக்கும் மாசாமாசம் அரிசியும் பருப்பும் குடுத்தாங்க. அந்த வீடுகள்ல புதுசா நுரையீரல் டிபி வர்றது 48 சதவீதம் குறைஞ்சுது.