யாக் பால் கறக்குமா?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர் மையக் கல்வி பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பயிற்சி முகாமும் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் மதியம் கொடுக்கிற சாம்பார் சாதப் பொட்டலமும்தான் ஞாபகம் வரும். அதனால் முகாமை விட்டுவிடலாம். நான் நேரில் உட்கார்ந்து பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் நம் ஊர்களில் சாலையோரம் வரிசையாகக் கடை போட்டு ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். "ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், ஒரு தடவை போயேவிட்டேன். அவருடைய ஊர் பைலகுப்பே. மைசூரிலிருந்து மடிக்கேரி போகிற வழியில், குஷால்நகருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் மைசூர் மாநில அரசு கொடுத்த சுமார் 3000 ஏக்கர் காட்டை வெட்டித் திருத்தி அகதிகள் குடியேறிய இடம் அது, இன்றைக்கு எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம்.

அங்கே ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பில் என்னை உட்கார வைத்தார்கள். விருந்தாளி ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்க தாத்தா பாட்டியெல்லாம் திபெத்தில் யாக் பால்தானே குடிச்சாங்க?" என்று கேட்டுவைத்தேன். யாக் என்றால் அங்கே மலையில் வளர்க்கும் சடைமாடு. வகுப்பே சிரித்தது. ஒரு சிறுமி எழுந்து, யாக் பால் கொடுக்காது, யாக் என்றால் ஆண், பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பெயர் டிரி என்றாள். காளை மாட்டிடம் பால் கேட்ட கதைதான்! சரி, அசடு வழிந்தது போகட்டும், அப்புறம் நடந்ததுதான் விஷயம். ஆசிரியர், அங்கே கென்-லா என்று கூப்பிடுகிறார்கள், "சபாஷ்" என்று சொல்லி அவளை உட்காரச் சொல்லவில்லை. "உனக்கு எப்படித் தெரியும், நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். அவள் பார்த்ததில்லை. அந்த வகுப்பில் ஒருவரும் பார்த்ததில்லை, அந்த ஊரில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் நம் ஊர் மாதிரி பசு மாடும் எருமையும்தான். "மோ-லா சொன்னாள்" என்றாள். மோ-லா என்றால் பாட்டி. உடனே எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது: வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, இந்த மாட்டு வகைக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் எழுதி வரவேண்டும்.

மறுநாள் கரும்பலகை நிரம்பிவிட்டது. யாக்கும் பசுவும் சேர்ந்து பிறக்கும் கலப்பில் ஆண் ட்ஸோ, பெண் ட்ஸோமோ. கன்றுக்கு வயதுக்கு ஒரு பெயர். ஒரு பையன் கொண்டுவந்த சொல் கென்-லாவுக்கே தெரியவில்லை. முகத்தைச் சுளிக்காமல் அதையும் எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார். நான் என் வகுப்பில் எனக்குத் தெரியாத ஒன்றைப் பலகையில் எழுதியதாக நினைவே இல்லை.

பண்பாட்டைக் காப்பாற்றும் பள்ளி என்றால் பழம்பெருமையை ஒப்பிக்க வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது. 1960 மே மாதம் 51 குழந்தைகள் தர்மசாலாவுக்கு வந்து சேர்ந்தார்கள், சாலை போடும் வேலைக்குப் போன அகதிகளின் பிள்ளைகள். தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா பொறுப்பேற்றார், 1964இல் அவர் இறந்ததும் தங்கை ஜெட்சுன் பெமா ஏற்று நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். அதுதான் திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்ற பள்ளிகளின் ஆரம்பம். ஆங்கிலத்திலேயே எல்லாம் படித்துவந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழி நழுவுகிறது என்று தெரிந்ததும், எண்பதுகளில் தொடக்க வகுப்புகளைத் திபெத்திய மொழிக்கே மாற்ற ஆரம்பித்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு, பொருள்களைக் கையாண்டு தானே கற்கும் மாண்டிசோரி முறை, அதுவும் திபெத்திய மொழியில். 2004இல் திபெத்தியரின் நாடுகடந்த அரசு அடிப்படைக் கல்விக் கொள்கை ஒன்றை ஏற்றபோது தாய்மொழி வழிக் கல்வியும் மரபான தர்க்கமும் அதில் எழுத்திலேயே வந்தன.

தர்க்கம் என்று சொன்னேன் இல்லையா, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மடாலய முற்றத்தில் துறவிகள் செய்வதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். பதில் சொல்பவர் தரையில் உட்காருவார், கேள்வி கேட்பவர் நிற்பார். ஒரு கேள்வியை முடிக்கும்போது இடது காலை ஓங்கி மிதித்து, வலது கையால் இடது உள்ளங்கையில் பளீரென்று ஒரு தட்டு. உட்கார்ந்தவருக்கு நீட்டி முழக்க அனுமதி இல்லை. "ஒப்புக்கொள்கிறேன்", "ஏன்?", "நீ சொல்லும் காரணமே சரியில்லை", "அந்தக் காரணத்திலிருந்து இது வராது" என்று விரல் விட்டு எண்ணும் பதில்கள்தான்.

முதல் பாடம் நிறம். நிறமென்றால் எல்லாம் சிவப்புத்தானா? ஆமாம் என்று ஒருவன் சொல்லிவிடுகிறான் என்று வையுங்கள். அப்படியானால் வெண்சங்கின் நிறமும் சிவப்பு, ஏனென்றால் அதுவும் நிறம். காரணம் சரியில்லை என்றால், வெள்ளை ஒரு நிறமே இல்லை என்றாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன் என்றால், வெண்சங்கு சிவப்பு என்றாகிவிடும். மாட்டிக்கொண்டான். கேட்டவன் "ட்ஸா!" என்று கத்துவான், சுற்றி உட்கார்ந்தவர்கள் சிரிப்பார்கள். வடிவக் கணிதத்தில் நான் வருடக்கணக்கில் தொண்டை வறளச் சொன்னதை, அதாவது எல்லாச் சதுரமும் செவ்வகம், எல்லாச் செவ்வகமும் சதுரமல்ல என்பதை, இவர்கள் கைதட்டியே புரிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தர்க்கத்தின் வேர் நமக்கு அந்நியமும் இல்லை. திபெத்தியர் போற்றும் பௌத்தத் தர்க்க ஆசிரியர் திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது மரபு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது, அடுக்களையைப் போல என்று மணிமேகலைக்கு அறவண அடிகள் சொல்லிக்கொடுப்பதும் காஞ்சியில்தான். நாம் அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்தோம், அவர்கள் இன்னும் முற்றத்தில் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது, அங்கே மனப்பாடமும் உண்டு, நிறையவே உண்டு. திபெத்திய எழுத்துக்கூட்டல் அப்படி. எட்டு என்ற சொல்லை ப, ர, க, ய, த என்று ஐந்து எழுத்து போட்டு எழுதிவிட்டு "கியே" என்று வாசிக்கிறார்கள். ராகம் போட்டுப் பாடிப் பாடித்தான் மண்டையில் ஏற்ற முடியும். வாதம் செய்கிறவனும் வரையறைகளை நெட்டுருப் போட்டுவிட்டுத்தான் முற்றத்துக்கு வருகிறான், கையில் சரக்கில்லாமல் எதை வைத்துக் கேள்வி கேட்பது? மனப்பாடம் என்றாலே பாவம் என்று நம் முகாம்களில் சொன்னதை நான் இப்போது நம்புவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாம் வகுப்புவரை திபெத்திய மொழி, ஆறிலிருந்து ஆங்கிலம், அப்புறம் சிபிஎஸ்இ தேர்வு. அந்தத் தாவலில் பல பிள்ளைகள் திணறுகிறார்கள், பெற்றோர் கவலைப்படுகிறார்கள், பத்தாம் வகுப்பு நெருங்கும்போது அங்கேயும் கைடு புத்தகம் வந்துவிடுகிறது. 2008க்கு அப்புறம் திபெத்திலிருந்து வரும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துபோனதால் வகுப்பறைகளில் காலி பெஞ்சுகளும் கண்ணில் படுகின்றன.

போன டிசம்பரில் நம் ஸ்வெட்டர்க்காரரைப் பார்த்தபோது அந்தக் கேள்விக்குறிச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். பள்ளியிலிருந்து போன் செய்து அவரையும் கேட்டிருக்கிறார்கள், அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடை அம்மாவைக் கேட்டார். அவர் இரண்டு வயதுக் கன்று என்றார். இன்னொருவர் இல்லை, மூன்று வயது என்றார். மூன்றாவது கடையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்து இரண்டும் தப்பு என்று ஆரம்பித்தார். நான் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு காசு வாங்க ஆள் இல்லாமல் கால் மணி நேரம் நின்றேன்.