ஆறுதலா, வருமானமா? 'வருமானமே' அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மணமுறிவுக்குப் பின் ஒருவரைப் பெரிதும் தூக்கி நிறுத்துவது ஆறுதலா, வருமானமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஆறுதல் பக்கம் நின்று சபையையே கண்கலங்க வைத்துவிட்டார். தோளில் கை போட ஓர் ஆள், நள்ளிரவில் கூப்பிட்டால் போன் எடுக்க ஓர் ஆள், இவ்வளவு இருந்தால் போதும் என்றார். கேட்டபோது அணி மாறிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. அந்த நள்ளிரவு போனுக்கு ரீசார்ஜ் யார் செய்வது?

சிரிக்கிறீர்கள். நானும் விவாகரத்து ஆனவள்தான், நடந்ததையே சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் கூட்டுக் கணக்கு. என் சம்பளமும் அதில்தான் விழும். பிரிந்து தனியே வந்த புதிதில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்ற வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஏதோ தட்டினார், நிமிர்ந்து பார்த்து, "மேடம், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். என் போன் சும்மா கிடந்தது. கணக்கோடு இணைத்திருந்த நம்பர் கணவருடையது! வக்கீல் மூலமாக மட்டுமே பேசிக்கொள்ளும் ஒருவருக்கு போன் போட்டு, "இப்போ வந்த அந்த ஆறு நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்க வேண்டிய நிலை. கூட வந்த தோழி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தங்கமான பெண். ஆனால் அந்த ஆறு நம்பர் என் முதுகில் இல்லையே, நடுவர் அவர்களே!

அன்றைக்கு என்னை மீட்டது என்ன தெரியுமா? என் பெயரில் மட்டும், என் நம்பரோடு, புதிதாக ஒரு கணக்கு. அலுவலகத்தில் சொல்லி அடுத்த மாதச் சம்பளத்தை அதில் போட வைத்தேன். பணம் ஏறியதாக மெசேஜ் வந்த ராத்திரிதான், பல மாதம் கழித்து, நடுவில் எழுந்து உட்காராமல் தூங்கினேன்.

எதிரணியின் இன்னொரு பேச்சாளர் ஒரு ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினார். ஹோம்ஸ், ரஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வெளியிட்டது. வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு, அவை தரும் மன அழுத்தத்தைப் பொறுத்து மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத்துணை இறப்பதற்கு 100. அதற்கு அடுத்ததே விவாகரத்து, 73. "வலி இவ்வளவு பெரிது, இதற்கு ஆறுதலை விட்டால் வேறு மருந்து ஏது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அவர் பட்டியலின் முதல் இரண்டு வரியோடு தாளை மடித்துவிட்டார். நான் கீழே வரைக்கும் படித்தேன். பண நிலைமை மாறினால் 38. வேறு தொழிலுக்குப் போனால் 36. வாழும் வசதி மாறினால் 25. வீடு மாறினால் 20. கூட்டினால் 119! துணை இறந்தாலே 100 தானே?

எல்லாருக்கும் இந்த நான்கும் சேர்ந்து வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவுகோலே, வந்தவற்றைக் கூட்டிப் பார்ப்பதற்காக உண்டாக்கியதுதான். 73 ஒரு தடவை விழும் அடி. மற்றவை அதன் பின்னாலேயே வரிசையாக வருகின்றன. அந்த வரிசையை வழியில் நிறுத்தப் பணத்தால்தான் முடியும். கையில் காசு இருந்தால் வீடு மாற வேண்டாம், பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டாம், கிடைத்த வேலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டாம்.

இந்த 73-க்கு என்ன ராசியோ, இன்னொரு இடத்திலும் வருகிறது. விவாகரத்தான பெண்களின் வாழ்க்கைத் தரம் முதல் வருடத்திலேயே 73 சதவீதம் சரிகிறது என்று, கலிபோர்னியாவில் திரட்டிய தகவல்களை வைத்து லெனோர் வைட்ஸ்மன் என்ற சமூகவியலாளர் 1985-இல் எழுதினார். பேச்சு மேடைகளில் ரொம்ப காலம் ஓடிய எண் இது. 1996-இல் ரிச்சர்ட் பீட்டர்சன் என்பவர் அதே தகவல்களை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு தப்பு. உண்மையில் சரிவு 27 சதவீதம். என் அணிக்கு வசதியான எண் 73 தான், ஆனால் தப்பென்று தெரிந்த பிறகு அதை வைத்துக் கைதட்டல் வாங்க மனம் வரவில்லை. 27-ஏ போதும். உங்கள் மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தில் வாடகையும் பிள்ளையின் கட்டணமும் கட்டிப் பாருங்கள். அப்போது தெரியும்.

இது இன்றைக்கு முளைத்த சிக்கலும் இல்லை. இங்கிலாந்தில் கரோலின் நார்டன் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1836-இல் கணவரைப் பிரிந்து வந்தார். அன்றைய சட்டப்படி மனைவி சம்பாதித்ததும் கணவனுக்கே சொந்தம். இவர் இரவெல்லாம் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கு அவர் உரிமை கொண்டாடினார். பிள்ளைகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஆளே இல்லையா? பெரிய இடத்து நண்பர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர் ஆறுதலோடு உட்கார்ந்துவிடவில்லை. சட்டத்தையே திருப்பிப் போட்டார்! என் வரவு அவருடையது என்றால் என் செலவும் அவருடையதுதானே என்று கணவர் பெயரிலேயே கடன் வாங்கினார். கேட்டு வந்தவர்களிடம், "பணம் வேண்டுமா, அவர்மேல் வழக்குப் போடுங்கள்" என்று அனுப்பி வைத்தார். பேனாவையும் எடுத்தார். 1839-இல் வந்த குழந்தைகள் பராமரிப்புச் சட்டத்துக்கும், 1857-இல் வந்த மணமுறிவுச் சட்டத்துக்கும் பின்னால் அவருடைய போராட்டம் இருந்தது. அந்த 1857 சட்டத்தில், கணவன் கைவிட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள நீதிமன்ற உத்தரவு வாங்கலாம் என்று வழி வந்தது. பெண்ணின் சம்பாத்தியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஆறுதலைப் பாதுகாக்க எந்த நாட்டில் யார் சட்டம் கேட்டார்கள்?

பிள்ளைகளைப் பற்றியும் சொன்னார்கள், அவர்களுக்குப் பாசம்தான் வேண்டும் என்று. வேண்டும், யார் இல்லையென்றது? சாரா மெக்லனகன், கேரி சாண்டிஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே பெற்றோரிடம் வளரும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி 1994-இல் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பிலும் மற்றவற்றிலும் பின்தங்குவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் வருமானக் குறைவு என்று கண்டார்கள். மிச்சப் பாதியை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் அந்தப் பாதியிலும் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. கடன்காரனுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப் போன அம்மாவோ அப்பாவோ, சாயங்காலம் பிள்ளையிடம் என்ன முகத்தைக் காட்டுவார்?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். காசில்லாதவருக்கு வரும் ஆறுதலோடு கூடவே நிபந்தனையும் வரும். "எங்களோடு வந்து இரு" என்று கூப்பிடுவார்கள். சில வாரம் போகும். "எங்கே கிளம்பிட்டே? யார் போன்ல? எதுக்கு இவ்வளவு நேரம்?" அதற்கு மேல் ஒன்று வரும், "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்." அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் செலவில் இருக்கும்போது அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல முடியாது. தன் செலவில் இருப்பவர் எழுந்து போய்விடலாம்.

"கை நிறையச் சம்பாதித்தும் உடைந்து போனவர்கள் இல்லையா?" என்று முதலில் பேசிய நண்பர் கேட்டார். இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், நல்ல பதவி, விவாகரத்துக்குப் பிறகு ஆறு மாதம் ஆளே தேறவில்லை. ஆண்கள் அழுவதைக் கேட்க ஆளும் குறைவு, அது தனி வேதனை. அவர் தேறிய விதத்தைக் கேளுங்கள். சம்பளத்தோடு விடுப்பு எடுத்தார். வாராவாரம் மனநல ஆலோசகரிடம் போனார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு முறையும் கட்டணம். எதிரணி பெருமையாகச் சொல்கிற அந்த ஆறுதலையே அவர் ரசீது போட்டு வாங்கியிருக்கிறார், நடுவர் அவர்களே! இதை எந்த அணிக் கணக்கில் எழுதுவீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணித் தலைவர் பேச வருகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நிற்பார். அவரிடம் ஆறுதலை ரொக்கமாகக் கொடுப்பதா, செக்காகக் கொடுப்பதா என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் உரையை ஆரம்பியுங்கள், ஐயா.

நன்றி, வணக்கம்.