வளைந்த சுவரும் நேரான பீரோவும்

அனைவருக்கும் வணக்கம். எதிர்காலக் கட்டடங்கள் என்று தலைப்புக் கொடுத்தால், பேச வருகிறவர் திரையில் முட்டை வடிவம், முறுக்கிய கோபுரம், பறக்கும் தட்டு என்று படம் காட்டுவது வழக்கம். நான் ஒரு பீரோவோடு வந்திருக்கிறேன். கற்பனையில்தான், பயப்பட வேண்டாம்.

அந்தப் பீரோவை ஒரு வட்ட அறைக்குள் சுவரோரம் தள்ளுங்கள். பின்பக்கம் இரண்டு ஓரமும் சுவரில் முட்டி நிற்கும். நடுவில் பிறைநிலா மாதிரி ஓர் இடைவெளி விழும். துடைப்பம் அதற்குள் போகாது. விழுந்த சாவி திரும்பி வராது. கட்டில், கதவு, அலமாரி எல்லாமே நேர்கோட்டில் பிறந்தவை. புதுமையான வீட்டில் குடியேறுகிறவர் முதலில் மல்லுக்கு நிற்பது இந்தப் பிறையோடுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பெட்டியாகவே கட்டச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். வளைவோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. அதை எத்தனை சாதாரணத் துண்டுகளாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு கெட்டால் எப்படிக் கழற்றுவது, இவ்வளவுதான் என் கேள்வி.

சிட்னி ஓபரா ஹவுஸையே எடுத்துக்கொள்வோம். 1957இல் வடிவமைப்புப் போட்டியில் வென்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்து தந்தது, பாய்மரம் விரித்தாற்போன்ற கூரை. பார்க்க அழகு. ஆனால் அந்த வளைவு எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. அப்படியே கட்டினால் கூரையைத் தாங்கும் ஒவ்வொரு விலாவும் ஓர் அளவு, ஒவ்வொன்றையும் வார்க்கத் தனி அச்சு. பரவளையம், நீள்வட்டம் என்று பொறியாளர்கள் வருடக்கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். 1961இல்தான் வழி பிறந்தது. கூரையின் எல்லா மடல்களையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுப்பதாக வைத்துக்கொண்டால்? ஆரஞ்சுத் தோலை உரித்துப் பாருங்கள். துண்டு பெரிதோ சிறிதோ, வளைவு ஒன்றுதான். வளைவு ஒன்றானதும் அதே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. இருந்தும் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்த கணக்கு, 1973இல் திறக்கும்போது 10 கோடியைத் தாண்டியிருந்தது. இடையில் 1966இலேயே விலகிப்போன உட்சன், முடிந்த கட்டடத்தைக் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை.

லண்டன்காரர்கள் ‘கெர்கின்’ என்று வெள்ளரிப்பிஞ்சின் பெயர் சூட்டிய 180 மீட்டர் கட்டடம் இன்னும் சாமர்த்தியம். உடம்பெல்லாம் வளைவாகத் தெரியும். உண்மையில் வளைந்த கண்ணாடி உச்சியில் மூடியாக இருக்கும் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் தட்டை. ஷாங்காய் கோபுரம் 632 மீட்டர் உயரத்துக்கு முறுக்கிக்கொண்டு போவதற்கும் காரணம் உண்டு. அந்த முறுக்கு, காற்று தரும் சுமையை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது.

காரணம் இருந்தால் மட்டும் போதுமா? லண்டனிலேயே இன்னொரு கட்டடம், வாக்கி டாக்கி என்று பெயர். மேலே போகப்போக அகலம் கூடும். மேல்மாடிக்கு வாடகை அதிகம், ஆகவே மேலே இடமும் அதிகம். வியாபாரக் கணக்கு கச்சிதம்! ஆனால் தெற்குப் பக்கக் கண்ணாடிச் சுவர் உள்வாங்கி வளைந்திருந்தது. 2013 கோடையில் அது குழியாடியாகி, வெயிலைக் குவித்துத் தெருவில் இறக்கியது. நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகின. ஒரு செய்தியாளர் அந்த வெளிச்சத்தில் முட்டை பொரித்துக் காட்டினார். பிறகு தடுப்புப் பட்டைகளைப் பொருத்தினார்கள். சூரியன் எங்கே நிற்கும் என்பது புதுத்தகவலா என்ன?

இப்போதுதான் கணினி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஸ்பெயினில் 1997இல் திறந்த பில்பாவ் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை அப்போதே, விமானம் வடிவமைக்கும் மென்பொருளை வைத்துத்தான் வடிவமைத்தார்கள். அளவு பிசகாமல் வெட்டித் தரும் கணினி, இருபதாம் வருஷம் கயிற்றில் தொங்கிக் கழுவித் தராது.

டோக்கியோவில் 1972இல் எழுந்த நககின் கேப்சூல் கோபுரம் கழற்றுவதற்கென்றே கட்டியது. கிஷோ குரோகவாவின் வடிவமைப்பு. வட்ட ஜன்னல் வைத்த 140 பெட்டி அறைகள், ஒவ்வொன்றும் நான்கே போல்ட்டில் நடுத்தண்டோடு பிணைந்தவை. 25 வருடத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஆனால் ஒரு பெட்டியை உருவ வேண்டுமென்றால் அதற்கு மேலே இருப்பவற்றையும் எடுக்க வேண்டியிருந்தது. யார் செலவழிப்பார்? 25 வருடம் போயிற்று, ஐம்பதும் நெருங்கிற்று. மழை ஒழுகியது, வெளியே வலை போர்த்தினார்கள். கடைசியில் 2022இல் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். கோபுரத்தைப் பிரித்துப் போடுவதற்காக.