பார்க்காத முகத்தின் மேல் மயக்கம்: ஒதுங்கினால் தீராது, சொன்னால் தீரும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாருக்கும், இந்த நேரம் வரை பாயை விரித்துக் கண் விழித்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். நேரில் பார்த்தே இராத ஒருவர் மேல் வரும் மயக்கம் தீர வழி, ஒதுங்கிப் போவதா, ஒருவரிடம் சொல்லிவிடுவதா? ஒதுங்கு என்கிறது எதிரணி. சொல்லிவிடு என்கிறோம் நாங்கள்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வைத்தியத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். ஆளை பிளாக் செய், படங்களை அழி, வேலையில் மூழ்கு. எதை விட்டு விலகுகிறோமோ அதனால் நமக்குத் துன்பம் இல்லை என்று 341ஆம் குறளையும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். நல்ல குறள்தான். எந்த அதிகாரம் அண்ணன் அது? துறவு! நாம் பேசிக்கொண்டிருப்பது பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிற பையனைப் பற்றி. அந்த அதிகாரத்துக்கு அவன் வந்து சேர இன்னும் ஐம்பது வருஷம் இருக்கிறது. அவனுக்கான குறளை வள்ளுவர் காமத்துப்பாலில் வைத்திருக்கிறார்.

தொடிற்சுடின் அல்லது காமநோய் போல
விடிற்சுடல் ஆற்றுமோ தீ

தீ தொட்டால்தான் சுடும். இந்த நோய் விட்டு விலகினால் சுடும். அண்ணனுடைய வைத்தியம் ஆகாது என்று வள்ளுவரே எழுதிவிட்டார், நான் என்ன செய்ய?

அதிலும் பார்க்காத ஆள் என்றால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்து வீட்டுப் பையன் மேல் ஆசை வந்தால், அவன் அம்மாவிடம் கத்துவது ஒரு வாரத்தில் நம் காதில் விழும். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது தெரிந்துவிடும். ஆசை தானாகப் பாதியாகக் குறையும். பார்க்காத ஆளைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு டிபி, ஒரு குரல், ராத்திரியில் வந்த நாலு நல்ல வரி. மீதி ஆளை நம் மனசே செய்துகொள்கிறது. செய்வது நம் மனசு என்பதால் ஒரு குறைகூட வைக்காது. தெரியாத இடத்தில் வளர்ந்த மயக்கம் இது. பிளாக் செய்தால் என்ன ஆகும்? தெரிந்த கொஞ்சமும் தெரியாமல் போகும்.

அந்தப் பையன் பிளாக் செய்த ராத்திரியைப் பார்ப்போமா? பதினோரு மணிக்கு பிளாக் செய்கிறான். பதினொன்றரைக்குத் தம்பியின் போனை வாங்கி, தம்பி கணக்கில் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறக்கிறான். டிபி மாறியிருக்கிறது. நேற்று வரை சிரித்த முகம், இன்றைக்கு வெறும் கறுப்பு. ஏன் கறுப்பு? வீட்டில் ஏதாவது துக்கமா? இல்லை, நான் பிளாக் செய்ததாலா? விடிகிற வரை ஆராய்ச்சி! பேசிக்கொண்டிருந்த வரைக்கும் இவ்வளவு நேரம் அவளைப் பற்றி அவன் யோசித்ததில்லை. 'ஒதுங்கிவிட்டான்' என்று எதிரணி மார்க் போட்டுக்கொள்கிறது.

எதிரணியில் உளவியல் படிக்கும் தங்கை டோரதி டென்னோவ் பெயரைச் சொன்னார். அமெரிக்க உளவியலாளர். இந்த மயக்கத்துக்கு 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்து 1979இல் தனிப் புத்தகமே எழுதியவர். மயக்கம் முடிகிற வழிகளில் ஒன்று பட்டினி போடுவது என்று அவர் சொன்னதைத் தங்கை சரியாகத்தான் எடுத்துக் காட்டினார். ஆனால் எதற்குப் பட்டினி? கண்ணுக்கா? இந்த மயக்கம் வளர நம்பிக்கையும் வேண்டும், நிச்சயமில்லாமையும் வேண்டும் என்று சொன்னவரும் அதே டென்னோவ்தான். 'நடந்தாலும் நடக்கும்' என்கிற அந்த நினைப்புக்குத்தான் அவர் பட்டினி போடச் சொன்னார். பிளாக் செய்தவனுக்கு அந்த நினைப்பு எங்கே போனது? கேட்டிருந்தால் சரி என்றிருப்பாளோ என்று பத்து வருஷம் கழித்தும் நினைப்பான். நடக்காது என்று எதிரே உட்கார்ந்து ஒரு ஆள் பேசிப் புரியவைத்தால்தான் அது அடங்கும். அதற்கு முதலில் இவன் வாயைத் திறக்க வேண்டும்.

இந்த நினைப்பை ஊட்டி வளர்க்கத் தனித் தொழிலே இருக்கிறது, ஐயா. தொலைக்காட்சியில் வருகிறவர் நம்மோடு நேராகப் பேசுவது போலத் தோன்றுகிறதே, அதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு பேர் 1956இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அது வெறும் தோற்றம். இன்றைக்கு மாதச் சந்தா. கொரியப் பாடகர்களுக்கென்று 'பபிள்' என்று ஒரு செயலி. பார்த்தால் வாட்ஸ்அப் மாதிரியே இருக்கும். பாடகர் ஒரே ஒரு செய்தி அனுப்புவார். சந்தா கட்டிய அத்தனை பேருக்கும் அது தனித்தனியாகத் தனக்கு மட்டும் வந்தது போல விழும். பெயர் வர வேண்டிய இடத்தில் அவரவர் கொடுத்து வைத்த செல்லப்பெயரைச் செயலியே நிரப்பிவிடும். 'சாப்பிட்டாயா செல்வி?' என்று கேட்டால் செல்வி என்ன செய்வாள், பாவம்! பெற்ற அப்பா கேட்டிருக்க மாட்டார் அப்படி.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும் மூன்று சிறுமிகள், சேர்த்து வைத்த 14,000 ரூபாயோடு, வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பினார்கள். பிடிஎஸ் பாடகர்களைப் பார்க்க வேண்டும். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிக் கொரியா போவதாகத் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் கண்டுபிடித்துப் பத்திரமாக வீடு சேர்த்தார்கள். அந்த மாதம் பிடிஎஸ் குழுவில் ஏழு பேருமே கட்டாய ராணுவப் பணிக்குப் போயிருந்தார்கள், ஒருவர் மட்டும் அதற்கு மாற்றான சமூகப் பணியில். போய்ச் சேர்ந்திருந்தாலும் மேடையில் ஒருவரையும் பார்த்திருக்க முடியாது. நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. மூன்று பேரும் தங்களுக்குள் பேசித்தான் கிளம்பியிருப்பார்கள். ஒரே மயக்கத்தில் இருக்கும் மூன்று பேர் பேசிக்கொண்டால் ரயில் டிக்கெட்தான் எடுப்பார்கள். கேட்டுவிட்டு, 'சரிடி, பாஸ்போர்ட் எங்கே?' என்று சிரிக்காமல் கேட்க ஒரு அக்கா இருந்திருந்தால் காட்பாடி வரை போயிருக்க வேண்டாம்.

சிறுபிள்ளைகள் விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் நோட்ர டாம் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய மான்டை டெயோ, கல்லூரி அளவிலான அமெரிக்கன் ஃபுட்பாலில் நாடே கொண்டாடிய வீரர். 2012இல் அவருடைய காதலி இறந்துபோனாள் என்று பத்திரிகைகள் எல்லாம் உருகி எழுதின. 2013 ஜனவரியில் வெளியே வந்தது, அப்படி ஒரு பெண்ணே கிடையாது. போனிலும் இணையத்திலும் யாரோ நடித்திருக்கிறார்கள். அவர் அவளை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வெட்கப்பட்டு, பெற்ற அப்பாவிடமே பார்த்ததாகச் சொல்லி வைத்திருந்தார். 'அப்பா, நான் இன்னும் அவளைப் பார்க்கவில்லை' என்று முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால், 'ஏன் பார்க்கவில்லை?' என்று அப்பா கேட்டிருப்பாரா இல்லையா? அந்த ஒரு கேள்விக்கு அந்தப் பொய் நின்றிருக்குமா?

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வள்ளுவர் சாட்சி.

மறைப்பேன்மன் யானிஃதோ நோயை இறைப்பவர்க்கு
ஊற்றுநீர் போல மிகும்

மறைக்க மறைக்க ஊறுகிறது. இதற்கு நம் ஆட்கள் செய்துவைத்த ஏற்பாடு தோழி. சங்கப் பாட்டில் தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி பெற்ற தாயிடம் சொல்வாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. அங்கே தலைவன் பார்த்த ஆள்தானே என்று அண்ணன் தலையை ஆட்டுகிறார். ஆமாம், பார்த்துப் பழகியவனைப் பற்றிச் சொல்வதற்கே ஒரு ஆள் வேண்டியிருந்தது. பார்க்காதவனைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் குறுந்தொகையில் இருக்கிறது. பெண் மெலிந்துபோனாள், முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு, சாமியாடிக் குறி கேட்கும் வெறியாட்டு நடத்துகிறாள். ஆட்டுக்குட்டியை அறுத்துப் பலி கொடுக்கப் போகிறார்கள். அப்போது தோழி கேட்கிறாள்: வேலா, கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன். இவளை வருத்தியவன் மலைநாட்டுக்காரன். அவனுடைய மாலை போட்ட மார்பும் நீ வைக்கும் பலியைத் தின்னுமா? ஒரே கேள்வியில் உண்மை வெளியே வந்துவிட்டது, பாருங்கள். இன்றைக்கு ஆட்டுக்குட்டிக்குப் பதிலாகப் போனைப் பிடுங்குகிறார்கள், வைஃபையை நிறுத்துகிறார்கள். வெறியாட்டு அப்படியே தொடர்கிறது, தோழியைத்தான் காணோம்.

சொன்னால் மானம் போகுமே என்று எதிரணி பயமுறுத்தியது. ஊரைக் கூட்டி மைக்கில் சொல்ல யார் சொன்னார்கள்? ஒரே ஒருவர் போதும். சித்தி, பெரிய அண்ணன், விடுதியில் நம்பிக்கையான சீனியர், கல்லூரியில் இருந்தால் மனநல ஆலோசகர், யாரானாலும் சரி. அவர் அந்த மயக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கேட்பார்: வீடியோ காலில் முகம் காட்டினாளா? கேட்டுப் பார்த்தாயா? ஒவ்வொரு முறையும் கேமரா கெட்டுப்போகிறதா? பணம் கேட்டாளா? பணம் போயிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போட்டுப் புகார் கொடுக்கச் சொல்வார். அதற்கப்புறம் பிளாக் செய்யுங்கள், நாங்கள் குறுக்கே வர மாட்டோம். பயந்து செய்கிற பிளாக் வேறு, தெரிந்துகொண்டு செய்கிற பிளாக் வேறு. இன்னொன்று, ஏமாற்றுகிறவன் ஆரம்பத்திலேயே சொல்லும் நிபந்தனை என்ன தெரியுமா? 'நம்ம விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்.' எதிரணியும் அதையேதான் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஐயா மணியைத் தொடுகிறார், முடித்துக்கொள்கிறேன். கீழே உட்கார்ந்திருக்கும் பெற்றவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து இந்த விஷயத்தை எடுத்தால், 'எவன்டி அவன்?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எத்தனை நாளாப் பேசுறீங்க?' என்று ஆரம்பியுங்கள். முதல் கேள்விக்கு அவள் பொய் சொல்வாள், இரண்டாவதற்குப் பதில் சொல்வாள். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.